காரின் கூலண்ட் அமைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் அமைப்பைப் பற்றியது; ஏர்கோன் வாயுவைப் பற்றியதன்று. கோலாலம்பூர் வட்டாரத்தில் வீட்டு வாசலிலேயே கூலண்ட் மாற்றிக்கொள்பவர்களையும், பட்டறையில் மாற்றிவிட்டு வந்த பிறகு டெம்பரேச்சர் முள் நிலைகொள்ளாமல் ஆடுவதைக் கண்டு கலங்குபவர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. உங்கள் காருக்கென்று தயாரிப்பாளர் கொடுத்துள்ள கையேடு இங்கே சொல்வதிலிருந்து மாறுபட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கூலண்ட் அமைப்புக்குள் காற்று எப்படி வருகிறது?

பழைய கூலண்டை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றும்போதும், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹோஸ் ஆகியவற்றில் ஒன்றை மாற்றும்போதும் காற்று நுழைவது இயல்பு. ஊற்றப்படும் திரவம் ரேடியேட்டரின் அடிப்பகுதியையும் கீழ் ஹோஸையும் முதலில் நிரப்பிவிடுகிறது. ஆனால் இயந்திரத்தின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் உள்வழிகள், மேல் ஹோஸின் வளைவு, இயந்திரத்துக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டல் பாடிக்குச் செல்லும் சிறு குழாய் போன்ற உயரமான இடங்களில் இருந்த காற்றுக்கு வெளியேற வழி கிடைப்பதில்லை. சூடேறினால் மட்டும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட், இயந்திரம் ஆறியிருக்கும்போது மூடியிருப்பதால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய காற்றுப் பை அப்படியே தங்கிவிடும். எதையும் கழற்றாமலேயே காற்று வருகிறதென்றால் அது வேறு கதை. அதற்குக் கீழே தனியாக ஒரு விடை உண்டு.

சிறிது காற்று இருந்தால் என்ன கெட்டுவிடும்?

திரவம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே ஓடினால்தான் சூட்டை வாங்கிச் செல்ல முடியும். காற்றுப் பை நிற்கும் இடத்தில் அந்தத் தொடுகை அறுந்துவிடுவதால், எரியறையை ஒட்டிய அலுமினியப் பகுதி மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது; அங்கே வந்து சேரும் கொஞ்சத் திரவமும் கொதித்து ஆவியாகி, இருந்த காற்றுப் பையை இன்னும் பெரிதாக்குகிறது. வாட்டர் பம்பின் விசிறிக்குள் காற்று புகுந்தால் பம்ப் சுழன்றாலும் திரவம் நகர்வதில்லை. தெர்மோஸ்டாட்டின் மெழுகுக் குடுவை திரவத்தில் நனையாமல் காற்றில் நின்றால், சுமார் 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்க வேண்டிய அது வெகு தாமதமாகத் திறக்கும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது மீட்டரின் பொய். வெப்பத்தை அளக்கும் சென்சாரும் காற்றுப் பைக்குள் நிற்குமானால், அது உண்மைச் சூட்டை உணர்வதில்லை. முள் நடுவில் அமைதியாக நிற்க, சிலிண்டர் ஹெட் வளைந்துகொண்டிருக்கும். முள் ஏறவில்லை என்பதை மட்டும் நம்பி ஓட்டுவது கூடாது என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

காற்று சிக்கியிருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முள் திடீரென்று ஏறி, எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று இறங்குவது முதல் அறிகுறி. காற்றுப் பை சென்சாரைக் கடந்து போகும்போது இப்படி நேர்கிறது. இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாக மட்டும் இருப்பது, டேஷ்போர்டுக்குப் பின்னால் நீர் குமிழியிடும் ஓசை கேட்பது, ரேடியேட்டரிலிருந்து மிகும் கூலண்ட் சேரும் ரிசர்வ் டேங்கின் மட்டம் ஒரே நாளில் வெகுவாக ஏறி இறங்குவது ஆகியவையும் கவனிக்கத்தக்கவை.

பல புதிய சிறிய கார்களில் முள்ளே இல்லை. குளிர்ந்திருக்கும்போது எரியும் நீல விளக்கும், மிகைச் சூட்டில் எரியும் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. சிவப்பு விளக்கு எரியும் நேரம் ஏற்கெனவே தாமதமான நேரம். இத்தகைய கார்களின் கணினியைச் சோதிப்பதற்கென்று உள்ள ஓபிடி துளையில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் கூலண்டின் வெப்பத்தைக் கைப்பேசியில் எண்ணாகவே பார்க்கலாம். கூலண்ட் மாற்றிய வாரத்திலாவது அப்படிப் பார்ப்பது நல்லது.

காணொளிகளில் ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கச் சொல்கிறார்கள். என் மைவி காரில் ஹீட்டரே இல்லையே?

குளிர்நாடுகளில் விற்கப்படும் கார்களில் பயணியர் அறையைச் சூடாக்குவதற்கென்று ஒரு சிறிய ரேடியேட்டர் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. இயந்திரத்தின் கூலண்ட் அதற்குள்ளும் ஓடுவதால், அதிலும் காற்று தங்கும். அந்த வழியைத் திறந்துவிடுவதற்காகவே ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கச் சொல்கிறார்கள். மலேசியாவில் விற்கப்படும் பல சிறிய கார்களில் அந்த உறுப்பே பொருத்தப்படுவதில்லை; ஏர்கோன் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினாலும் குளிர் குறையுமே தவிர வேறொன்றும் நடக்காது. ஆகவே உங்கள் காரில் அந்தப் படியை விட்டுவிடலாம். ஒரு வகையில் இது நமக்கு வசதிதான், காற்று ஒளிந்துகொள்ளும் இடங்களில் ஒன்று குறைகிறது.

ஆனால் ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் ரீகன் (அங்கே ஓட்டப்பட்ட பழைய) கார்களிலும் ஐரோப்பியக் கார்களிலும் ஹீட்டர் உண்டு. பின் இருக்கைக்கும் தனி ஹீட்டர் உள்ள பெரிய எம்பிவி வாகனங்களில் குழாய்கள் காரின் நீளத்துக்கு ஓடுவதால் காற்று வெளியேறவும் அதற்கேற்ப நேரம் பிடிக்கும். பழைய கார்களில் ஹீட்டருக்குள் கூலண்ட் நுழையும் வழியை ஒரு வால்வு அடைத்திருக்கும். அவற்றில் ஹீட்டரைத் திறக்காமல் விட்டால் காற்று உள்ளேயே நிற்கும். வால்வு இல்லாத கார்களில் கூலண்ட் எப்போதும் ஹீட்டர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். எனினும் சூடான காற்று தடையின்றி வீசுகிறதா என்று பார்ப்பது, திரவம் அங்கே போய்ச் சேர்ந்ததற்கான நல்ல சான்றாகும். உங்கள் காரில் ஹீட்டர் உண்டா என்று ஐயமாக இருந்தால், இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் நுழைகின்றனவா என்று பாருங்கள்.

ரேடியேட்டரின் மேலேயே மூடி உள்ள காரில் காற்றை எப்படி வெளியேற்றுவது?

முதலில் இடம். அடுக்குமாடியின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாதீர்கள். அரைமணி நேரத்துக்கு மேல் இயந்திரம் ஓட வேண்டியிருப்பதால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். திறந்தவெளியில், இயந்திரம் முற்றிலும் ஆறிய பிறகு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை பி அல்லது நியூட்ரலில் வைத்துத் தொடங்குங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கும் திரவம், மூடி அசைந்த நொடியிலேயே ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்தும்போது சூடும் இறுக்கமும் இல்லாமல் இருந்தால் திறக்கலாம்.

மூடியைக் கழற்றிவிட்டு, கூலண்டை மெல்லிய தாரையாக, அவசரமின்றி ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் மேலே வரும் காற்றின் வழியைத் திரவமே அடைத்துவிடும். அவ்வப்போது நிறுத்தி மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறி அமுக்கினால் குமிழிகள் கிளம்பி மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். ரேடியேட்டர் வாய்வரை நிரம்பியதும், வாயில் இறுக்கமாகப் பொருந்தும் கூலண்ட் புனல் ஒன்றைப் பொருத்தி அதிலும் பாதியளவு திரவம் நிற்கச் செய்யுங்கள். இந்தப் புனல் உதிரிப்பாகக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அமைப்பின் மிக உயரமான இடமாகப் புனலே ஆகிவிடுவதால், உள்ளே உள்ள காற்று தேடி வரும் இடமும் அதுவே ஆகிறது. ரிசர்வ் டேங்கை இரு கோடுகளுக்கும் இடையில் நிரப்பிவையுங்கள்.

இப்போது இயந்திரத்தை முடுக்குங்கள். ஏர்கோன் அணைந்திருக்க வேண்டும். ஏர்கோன் ஓடினால் ரேடியேட்டர் விசிறியும் சேர்ந்து ஓடும், அப்போது விசிறி சூட்டினால் சுழல்கிறதா ஏர்கோனுக்காகச் சுழல்கிறதா என்று தெரியாமல் போய்விடும். முதல் சில நிமிடங்களில் சிறு குமிழிகள் மட்டுமே வரும். பலர் இந்த இடத்தில்தான் வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் இன்னும் திறக்கவில்லை. அதற்குப் பின்னால் உள்ள காற்று அசையக்கூட இல்லை. அது திறக்கும்போது மேல் ஹோஸ் சட்டென்று சூடேறும், புனலில் பெரிய குமிழிகள் எழும், மட்டமும் திடீரென்று இறங்கக்கூடும். அதன் பிறகு இயந்திரத்தின் சுழற்சியை நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 வரை உயர்த்தி அரை நிமிடம் நிறுத்திப் பின் விட்டுவிடுங்கள். ஹோஸை அமுக்குவதானால் கையுறை அணிந்து, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டத்தில் நின்று அமுக்குங்கள். விசிறி தானாகச் சுழன்று நிற்பது இரண்டு முறையாவது நிகழ்ந்து, குமிழிகளும் அடங்கிவிட்டால் இயந்திரத்தை நிறுத்தலாம்.

மூடி திறந்திருக்கையில் அமைப்பில் அழுத்தம் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலண்ட் அழுத்தமில்லாமல் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். வெறும் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகையால் நெடுநேரம் ஓடவிட்டால் கிளம்பும் குமிழிகள் ஆவியாகவும் இருக்கலாம். விசிறி சுழல வேண்டிய சூட்டிலும் சுழலாவிட்டால் காத்திருக்காமல் இயந்திரத்தை நிறுத்தி, முதலில் விசிறியைச் சரிபாருங்கள்.

இயந்திரம் பல மணி நேரம் ஆறிய பிறகு, இயன்றால் மறுநாள் காலையில், மூடியைத் திறந்து ரேடியேட்டர் வாய்வரை திரவம் இருக்கிறதா என்று பார்ப்பதே கடைசிப் படி. ரிசர்வ் டேங்கில் தெரியும் மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. டேங்க் நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்திருப்பது அடிக்கடி காணப்படுவதுதான்.

எல்லாக் காற்றும் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்ல வழி உண்டா?

உண்டு, அளப்பது. வடித்த பழைய கூலண்டைக் கோடிட்ட பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள். நான்கு லிட்டர் வெளியே வந்து மூன்று லிட்டர்தான் உள்ளே போயிருக்கிறது என்றால், எத்தனை குமிழி வந்தாலும் வராவிட்டாலும் ஒரு லிட்டர் காற்று உள்ளே நிற்கிறது. ஹோஸை அமுக்குவதும் சுழற்சியை உயர்த்துவதும் இந்தக் கணக்கு நேராவதற்கு உதவும் வழிகள்; கணக்குக்கு மாற்று அல்ல. வடிக்கும்முன்னரே மட்டம் குறைந்திருந்தால், கையேட்டில் அச்சிட்டுள்ள மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். ஆனால் வடிகுழாயைத் திறந்தால் முழுக் கொள்ளளவும் வெளியே வராது, இயந்திரத்துக்குள் ஒரு பகுதி தங்கியே இருக்கும்.

ரேடியேட்டரில் மூடி இல்லாமல், அழுத்தம் தாங்கும் டேங்க் மட்டும் உள்ள கார்களுக்கு?

இந்த வகையில் மூடி எக்ஸ்பான்ஷன் டேங்கில் இருக்கும். டேங்க் அமைப்பின் உயரமான இடத்தில் வைக்கப்பட்டு, ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்று அதற்குத் தானாகவே திரும்பி வரும்படி அமைக்கப்பட்டிருந்தால், கோடுவரை நிரப்பி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி நிரப்புவதே பெரும்பாலும் போதும்.

சில இயந்திரங்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகு உண்டு. பழைய ஹோண்டா சிவிக் இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் இருக்கும் பக்கத்திலும், பிஎம்டபிள்யூ இ46 வகையில் எக்ஸ்பான்ஷன் டேங்கின் மூடிக்கு அருகிலும் அதைக் காணலாம். திருகைத் தளர்த்திக்கொண்டு ஊற்றி, குமிழியில்லாத ஒரே தாரையாகத் திரவம் வழியும்போது மூட வேண்டும். பிளாஸ்டிக் திருகாக இருந்தால் விரல் பலத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வயதான பிளாஸ்டிக் நம் வெப்பத்தில் முறுகிப்போய், தலை தனியாகக் கையோடு வந்துவிடும்.

மின்சார வாட்டர் பம்ப் உள்ள சில கார்களில் இயந்திரத்தை ஓடவிடத் தேவையில்லை. பிஎம்டபிள்யூ இ90 வகையின் அத்தகைய இயந்திரங்களில் டேங்கை நிரப்பி மூடி, சாவியைத் திருப்பி, இயந்திரத்தை முடுக்காமல், ஹீட்டரை உச்சச் சூட்டிலும் விசிறியைத் தாழ்ந்த வேகத்திலும் வைத்து, எக்ஸலரேட்டரைச் சுமார் 10 நொடி அழுத்திப் பிடித்தால், பம்ப் தானே ஏறக்குறைய 12 நிமிடம் ஓடிக் காற்றைத் தள்ளிவிடும். பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜரை இணைத்துக்கொள்வது நல்லது.

காரின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துவது பயன் தருமா?

ரேடியேட்டர் வாய் இயந்திரத்தின் மேல்வழிகளைவிடத் தாழ்வாக இருக்கும் கார்களில் நன்றாகவே பயன் தரும். சரிவான வாசல்தளம் போதும். ஜேக்கில் உயர்த்துவதானால் ஸ்டாண்ட் வைத்துப் பின் சக்கரங்களுக்கு அணை கொடுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி இயந்திரத்தை ஓடவிடக் கூடாது.

நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, கழற்றிவிட்டால் காற்றும் சிக்காது என்கிறார்களே?

இந்த யோசனையைப் பட்டறைகளில் இன்றும் கேட்கலாம். தெர்மோஸ்டாட் வெளியே உள்ள குளிருக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. இயந்திரத்தை அதற்குரிய சூட்டில் நிறுத்துவதற்காக வைக்கப்பட்டது. அதைக் கழற்றினால் காலைப் பயணங்களில் இயந்திரம் உரிய சூட்டை எட்ட நெடுநேரம் ஆகும். கணினி இன்னும் குளிர்ந்த இயந்திரம் என்று கருதிப் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்தும். என்ஜின் எண்ணெயில் ஈரம் தங்கும். சில இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு குறுக்குவழியை அடைக்க வேண்டும். கழற்றிவிட்டால் திரவத்தில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, நெரிசலில் சூடு ஏறவே செய்யும். பழுதானால் மாற்றுங்கள். மாற்றும்போது அதன் விளிம்பில் அசையும் சிறு ஊசி மேல்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் காற்று கசிந்து மேலே செல்வதற்காக வைக்கப்பட்ட வழி அது.

ஒவ்வொரு வாரமும் காற்று திரும்ப வந்துவிடுகிறது. மறுபடி மறுபடி வெளியேற்றலாமா?

கூடாது. முறையாக ஒருமுறை வெளியேற்றிய காற்று திரும்பி வருவதில்லை. திரும்ப வருவது புதிய காற்று, அது நுழையும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மலிவான இடத்திலிருந்து தொடங்குங்கள், அதாவது மூடியிலிருந்து. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று அழுத்தத்தைத் தாங்கி, மிகும்போது திரவத்தை ரிசர்வ் டேங்குக்கு விடுகிறது. மூடியில் பொறித்துள்ள 0.9 அல்லது 1.1 என்ற எண் அந்த அழுத்தத்தைக் குறிக்கிறது. 1.1 மூடியின் கீழ் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 120 டிகிரியை எட்டிய பிறகே கொதிக்கும். மற்றொன்று, இயந்திரம் ஆறும்போது டேங்கிலிருந்து திரவத்தைத் திரும்ப இழுக்கிறது. ஐந்து லிட்டர் கூலண்ட் சூட்டில் சுமார் 200 மில்லிலிட்டர் விரிவடைவதால், இந்தப் போக்குவரத்து ஒவ்வொரு பயணத்திலும் நடக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ, டேங்குக்குச் செல்லும் சிறு ஹோஸ் கிழிந்திருந்தாலோ, டேங்க் வற்றியிருந்தாலோ, ஆறும் ஒவ்வொரு முறையும் திரவத்துக்குப் பதிலாகக் காற்று உறிஞ்சப்படும். காருக்குரிய எண்ணைவிட உயர்ந்த மூடியைப் போட்டால் சூடு குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு; பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் வெடிப்பதற்கு அது நல்ல வழி.

அடுத்தது கசிவு. வாட்டர் பம்பின் அடியிலுள்ள துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி சேரும் மடிப்பு ஆகியவற்றில் காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் கசியும் சிறு ஒழுகல் தரையில் சொட்டும் முன்னே உலர்ந்துவிடும்.

கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு. ஆறிய இயந்திரத்தை முடுக்கிய ஓரிரு நிமிடங்களில், சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரியறையின் வாயு கூலண்டுக்குள் புகுகிறது என்று ஐயப்படலாம். நிற்காத குமிழிகள், இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை, எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற படிவு ஆகியவை அந்த ஐயத்தை வலுப்படுத்தும். பட்டறையில் நீலத் திரவக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிப்பார்கள். எரியறையின் வாயு கலந்திருந்தால் பெட்ரோல் இயந்திரத்தில் அந்த நீலம் மஞ்சளாக மாறும். அச்சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்லும் பட்டறையிடம், முதலில் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள்.

வேக்குவம் கருவியால் நிரப்புவது மேலானதா?

காற்றழுத்தி உள்ள பட்டறையில் அதுவே மிகச் சுத்தமான முறை. அமைப்பில் உள்ள காற்றை முதலில் உறிஞ்சியெடுத்துவிட்டு, அந்த வெற்றிடமே கூலண்டை இழுத்துக்கொள்ளச் செய்கிறார்கள். வெற்றிடத்தின் அளவுமானி சில நிமிடம் இறங்காமல் நின்றால் கசிவு இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும். குழாய்கள் பல உள்ள டர்போ கார்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

பனி இல்லாத நாட்டில் வெறும் தண்ணீர் போதாதா?

தண்ணீர் சூட்டை நன்றாகவே கடத்தும், ஆனால் அலுமினியத்தையும் பம்பையும் அரிப்பிலிருந்து காப்பது கூலண்டில் உள்ள சேர்மங்களே. வழியில் வற்றிவிட்டால் குழாய்த் தண்ணீரை ஊற்றி வீடு திரும்பலாம். பிறகு வடித்துவிட்டு, கையேடு சொல்லும் வகைக் கூலண்டை நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கப்படுகின்றன.

ஹைபிரிட் காருக்கும் இதே முறையா?

இயந்திரப் பகுதிக்கு ஏறக்குறைய இதேதான். ஆனால் பல ஹைபிரிட் கார்களில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றும் இன்வர்ட்டருக்குத் தனிக் கூலண்ட் சுற்றும் தனி மின்பம்பும் இருக்கின்றன. அதில் காற்று சிக்கினால் பழுதாவது விலை உயர்ந்த மின்னணுப் பகுதி. அதை அந்தந்தத் தயாரிப்பின் கருவி உள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

காற்றை வெளியேற்றிய மறுநாளே கெந்திங் மலைக்குப் போகலாமா?

முதலில் ஊருக்குள் ஓட்டுங்கள். நெரிசல் நேரத்தில் ஜாலான் ஈப்போவிலோ பழைய கிள்ளான் சாலையிலோ ஏர்கோனுடன் ஒரு மணி நேரம் ஊர்ந்து வருவது நல்ல சோதனை. ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் காலையில் மட்டம் மாறாமல் நின்றால் காராக் நெடுஞ்சாலையில் ஏறலாம். கெந்திங் ஏற்றத்தில் தாழ்ந்த கியரில், உயர்ந்த சுழற்சியில், குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஏறுவதால், மிச்சமிருக்கும் காற்று தன்னைக் காட்டிக்கொள்வது அங்கேதான். வழியில் சூடு ஏறினால் ஏர்கோனை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறப்பதும், கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு; இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், சிறுவர்களுக்கும் ஆபத்து. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் இத்தகைய வெப்பக் கடத்தித் திரவக் கழிவும் அடங்கும். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயரெழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவு எண்ணெயை முறைப்படி ஒப்படைக்கும் பட்டறையில் கூலண்டையும் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். எண்ணெயும் கூலண்டும் ஒரே கேனில் கலக்க வேண்டாம். தரையில் சிந்தியதை மரத்தூளோ மணலோ தூவி அள்ளிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.